பெருந்தொற்றின் மனத்துயரம் பணக்கார நாடுகளுக்கு மட்டும்தானா?

கேள்வி: 9 மார்ச் 2024

"கொரோனாவால் மனம் பாதிக்கப்பட்டது என்பதெல்லாம் வசதியான நாடுகளின் பேச்சு. எந்த ஆய்வை எடுத்தாலும் இங்கிலாந்து, அமெரிக்கா, ஆஸ்திரேலியா என்றுதான் வருகிறது. அடுத்த வேளைச் சோற்றுக்கு வழி தெரியாதவனுக்கு மனச்சோர்வுக்கு ஏது நேரம்? மறுப்பவர்கள் எண்களோடு வாருங்கள்."

9 மார்ச் 2024, இரவு

மறுக்கிறேன். எண்ணோடே வருகிறேன்.

2022 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனம் ஒரு சுருக்க அறிக்கை வெளியிட்டது. பெருந்தொற்றின் முதல் ஆண்டில் பதற்றமும் மனச்சோர்வும் உலக அளவில் 25 சதவீதம் கூடின என்றது. அதிகம் அடிபட்டவர்கள் பெண்களும் இளைஞர்களும். "உலக அளவில்" என்பதைக் கவனியுங்கள். ஐரோப்பாவில் மட்டும் என்று எங்கும் இல்லை.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். 2020 ஏப்ரல் முதல் 2021 முடியும்வரை, தமிழ் பேசுபவர்களுக்கான ஒரு தொலைபேசி உதவிக் குழுவில் இரவுப் பணி செய்தேன். பல நாடுகளிலிருந்து கூப்பிட்டார்கள். கடை வைத்திருந்தவர்கள், கப்பலில் மாட்டிக்கொண்டவர்கள், மாணவர்கள், கட்டடத் தொழிலாளர்கள். பசியோடு கூப்பிட்டவர்களும் உண்டு. பசித்தவருக்கு மனம் என்ற ஒன்று இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது.

2021 மே மாதம் என் அம்மா மருத்துவமனையில் தனியாக இறந்தார். நான் வேறு நாட்டில் இருந்தேன். ஆகவே இந்த விஷயத்தில் நான் நடுநிலையில் நின்று பேசுகிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம்.

10 மார்ச் 2024

நேற்று எழுதியதைத் திருத்துகிறேன்.

அந்த 25 சதவீதம் வீடு வீடாகக் கேட்டு எண்ணிய எண் அல்ல. அதன் அடியில் இருப்பது லான்செட் என்ற மருத்துவ இதழில் 2021 அக்டோபரில் வந்த ஆய்வு. 2020-இல் கூடுதலாக 5.32 கோடிப் பேருக்குக் கடும் மனச்சோர்வும், 7.62 கோடிப் பேருக்குப் பதற்ற நோயும் வந்திருக்கும் என்று அது மதிப்பிட்டது. தகுதியானவை என்று அவர்கள் எடுத்துக்கொண்டவை 48 தரவு மூலங்கள். பெரும்பாலானவை மேற்கு ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் எடுக்கப்பட்டவை. ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் பெரும் பகுதிக்குத் தரவே இல்லை என்று ஆய்வாளர்களே சொல்லியிருக்கிறார்கள். தரவு இல்லாத இடங்களுக்குத் தொற்றின் அளவையும் மக்கள் நடமாட்டம் எவ்வளவு குறைந்தது என்பதையும் வைத்துக் கணக்கிட்டு நிரப்பினார்கள்.

ஆகவே கேட்டவர் பாதி சரி. ஆய்வுகள் பணக்கார நாடுகளில்தான் நடந்தன. ஆனால் அதிலிருந்து அவர் எடுத்த முடிவு தலைகீழ். மற்ற நாடுகளில் துயரம் இல்லை என்று யாரும் கண்டுபிடிக்கவில்லை. போய்க் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

10 மார்ச் 2024, சற்றுப் பிறகு

கேட்பதற்கு ஆள் இருந்தார்களா என்பதும் கேள்வி. 2020-இல் உலக சுகாதார நிறுவனம் 130 நாடுகளிடம் விசாரித்தபோது, 93 சதவீத நாடுகளில் முக்கியமான மனநலச் சேவைகள் தடைபட்டோ நின்றோ போயிருந்தன. அதற்கு முன்பே நாடுகள் தங்கள் சுகாதாரப் பணத்தில் 2 சதவீதத்துக்கும் குறைவாகத்தான் மனநலத்துக்கு ஒதுக்கின. தேவை கூடிய அதே மாதத்தில் கதவு மூடப்பட்டது.

14 மார்ச் 2024

நான்கு நாட்களாக ஒரு விஷயம் தொந்தரவு செய்துகொண்டே இருக்கிறது. கேட்டிருந்தாலும் என்ன கேட்டிருப்பார்கள்?

பல நாடுகளில் பயன்படுத்தும் ஒரு கேள்வித்தாள் இருக்கிறது. ஒன்பது கேள்விகள். கடந்த இரண்டு வாரங்களில் எத்தனை நாள் ஈடுபாடு குறைந்தது, தூக்கம் கெட்டது, பசி மாறியது என்று கேட்கும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். கூட்டினால் 10 அல்லது அதற்கு மேல் வந்தால் கவனிக்க வேண்டும் என்பார்கள். நல்ல கருவிதான், குறை சொல்லவில்லை. எங்கள் குழுவிலும் முதலில் அதைத் தமிழாக்கி வைத்திருந்தோம். இரண்டாம் வாரமே மடித்து வைத்தோம். நள்ளிரவில் கூப்பிட்டவரிடம் "சில நாட்களா, பாதிக்கு மேற்பட்ட நாட்களா?" என்று கேட்டால் மறுமுனை அமைதியாகிவிடும். சிலர் தேர்வில் தோற்றவர்போல மன்னிப்புக் கேட்டார்கள்.

ஒன்றே முக்கால் ஆண்டில் "எனக்கு மனச்சோர்வு" என்று தொடங்கியவர்களை விரல்விட்டு எண்ணலாம். "நெஞ்சை அடைக்கிறது" என்றார்கள். "யோசனை நிற்கவே மாட்டேன் என்கிறது" என்றார்கள். "எதிலும் கை ஓடவில்லை", "தலைக்குள் யாரோ நடக்கிறார்கள்". ஒருவர் தொற்று வந்து போய் ஆறு மாதம் ஆகியும் மூச்சு வாங்குகிறது என்று மூன்று மருத்துவர்களைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார். நுரையீரலில் குறையில்லை என்றார்களாம். அதே தொற்றில் தம்பியை இழந்ததை நாற்பதாவது நிமிடத்தில்தான் சொன்னார். அது தொற்று போன பிறகும் நீளும் நெடுங்கொரோனாவா, துயரமா? எனக்குத் தெரியாது, இரண்டும் ஓர் உடம்பிலேயே இருக்கலாம். கணக்கெடுப்பில் அவர் எந்தக் கட்டத்தில் விழுவார்?

ஜிம்பாப்வேயில் ஷோனா மொழி பேசுபவர்கள் இதற்குக் "குஃபுங்கிசிசா" என்கிறார்கள். அளவுக்கு மீறி யோசித்தல் என்று பொருள். அந்தச் சொல்லையே பிடித்துக்கொண்டு டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர் 2006-இல் "நட்பு இருக்கை" என்ற முயற்சியைத் தொடங்கினார். நாட்டில் மனநல மருத்துவர்கள் மிகச் சிலரே. ஆகவே பாட்டிமார்களுக்குப் பயிற்சி கொடுத்து, சுகாதார நிலையத்துக்கு வெளியே மர பெஞ்சில் உட்காரவைத்தார். வருகிறவர் பாட்டியிடம் பேசுவார். 2016-இல் வெளிவந்த சோதனை முடிவில், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட இவர்களுக்கு அறிகுறிகள் தெளிவாகக் குறைந்திருந்தன. சோற்றுக்கு வழியில்லாத நாட்டில் மனச்சோர்வுக்கு நேரம் ஏது என்று கேட்டவரை நான் அந்த பெஞ்சுக்குத்தான் அழைத்துப் போவேன்.

15 மார்ச் 2024

"மீண்டும் எண்" என்று கேட்டிருக்கிறீர்கள். சரி.

இந்தியாவில் 2020 மார்ச் 24 இரவு எட்டு மணிக்கு அறிவிப்பு. நள்ளிரவில் நாடே மூடியது. நான்கு மணி நேரம். நெடுஞ்சாலைகளில் நடந்த மக்களை உலகமே பார்த்தது. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் பதிவில் தற்கொலைகள் 2019-இல் 1,39,123. 2020-இல் 1,53,052. 2021-இல் 1,64,033. அந்த 2021 கணக்கில் நான்கில் ஒருவர் தினக்கூலித் தொழிலாளி.

கேள்வி கேட்டவரே, இவர்கள் வசதியானவர்களா?

21 மார்ச் 2024

மேலே உள்ளதைப் படித்த ஒருவர், "அப்படியானால் உலகம் முழுக்கத் தற்கொலை பெருகியது என்று சொல்லலாமே" என்று எழுதியிருக்கிறார். சொல்லக் கூடாது. நானும் அப்படி நினைத்தவன்தான், 2020 ஏப்ரலில் ஒவ்வொரு அழைப்பையும் அந்தப் பயத்தோடுதான் எடுத்தேன். ஆனால் 21 நாடுகளின் தரவை வைத்து 2021 ஏப்ரலில் வந்த ஆய்வு, தொற்றின் முதல் மாதங்களில் தற்கொலைகள் எதிர்பார்த்த அளவிலேயே இருந்தன, சில இடங்களில் குறைந்தன என்று காட்டியது. அந்த நாடுகளும் பெரும்பாலும் வசதியானவை என்பதை மறக்க வேண்டாம். இந்திய எண்ணையும் எச்சரிக்கையோடு பார்க்க வேண்டும். தொற்றுக்கு முன்பே அங்கே எண்ணிக்கை ஏறத் தொடங்கியிருந்தது.

ஜப்பான் இன்னொரு பாடம். 2020-இன் முதல் மாதங்களில் அங்கே தற்கொலைகள் குறைந்தன. நடு ஆண்டுக்குப் பிறகு ஏறின. ஆண்டு முடிவில் 21,081. முந்தைய ஆண்டு 20,169. பதினோரு ஆண்டுகளில் முதல் ஏற்றம். அதிலும் ஆண்கள் எண்ணிக்கை சிறிது குறைய, பெண்கள் எண்ணிக்கை சுமார் 15 சதவீதம் கூடியது. உணவகம், விடுதி, கடை என முதலில் மூடிய இடங்களில் நிரந்தரமில்லாத வேலையில் இருந்தவர்களில் பெண்கள் அதிகம். 2021 பிப்ரவரியில் தனிமைக்கென்று ஓர் அமைச்சரையே நியமித்தார்கள். பிரிட்டன் 2018-லேயே அப்படிச் செய்திருந்தது.

முதல் அலையில் எல்லோரும் ஒன்றாகப் பிடித்துக்கொண்டு நின்றோம். மற்றவர்கள் வேலைக்குத் திரும்பிப் போகத் தொடங்கியபோதுதான் பலருக்குக் கை விட்டது. அழைப்புகளிலும் அதைக் கண்டேன்: 2020 ஏப்ரலில் அச்சம், அக்டோபரில் வெறுமை.

2 ஏப்ரல் 2024

ஒரு நாட்டுக்குள்ளேயே இரண்டு நாடுகள் இருந்தன. இதை முன்பே எழுதியிருக்க வேண்டும்.

சிங்கப்பூரில் 2020 ஏப்ரல் 7 முதல் கட்டுப்பாடு. நகரவாசிகளுக்கு ஜூனில் தளரத் தொடங்கியது. விடுதிகளில் தங்கியிருந்த மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு அப்படி இல்லை. அந்த ஆண்டு முடிவதற்குள் அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத் தொற்று வந்து போயிருந்தது. பெரும்பாலும் இளைஞர்கள் என்பதால் மிகச் சிலரே இறந்தார்கள். இறப்புக் கணக்கை மட்டும் பார்ப்பவர் இதை வெற்றி என்பார். வேலைக்குப் போவது, விடுதிக்குத் திரும்புவது, இடையில் வேறெங்கும் கால் வைக்கக் கூடாது என்ற வாழ்க்கை ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் நீண்டது.

அப்படி ஒரு விடுதியிலிருந்து கூப்பிட்ட ஓர் இளைஞர் எப்போதும் கழிவறைப் பகுதியிலிருந்துதான் பேசுவார். அறையில் பன்னிரண்டு பேர், தனியாக அழ இடமில்லை. தனிமை, தனிமை என்று உலகம் புலம்பிய நேரத்தில் அவர் கேட்டது அரை மணி நேரத் தனிமை. "எல்லாரும் நல்லவர்கள்தான் அண்ணா, ஆனால் யாராவது பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள்" என்றார். அன்று முதல் "தனிமையின் பாதிப்பு" என்று பொதுவாக எழுதப்பட்ட எதையும் என்னால் அப்படியே ஏற்க முடியவில்லை.

3 ஏப்ரல் 2024

குழந்தைகளைப் பற்றி ஏன் எழுதவில்லை என்ற கேள்வி நியாயமானது. அவர்கள் என்னைக் கூப்பிட்டதில்லை, அதனால் விட்டுப்போனது. ஸ்பெயினில் 2020 மார்ச் நடுவிலிருந்து ஏப்ரல் 26 வரை குழந்தைகள் நடப்பதற்குக்கூட வீட்டை விட்டு இறங்க முடியவில்லை. நாய்களை அழைத்துப்போக அனுமதி இருந்தது. உகாண்டாவில் 2020 மார்ச்சில் மூடத் தொடங்கிய பள்ளிகள் 2022 ஜனவரி 10 அன்றுதான் எல்லோருக்குமாகத் திறந்தன. சுவீடனில் சிறுவர் பள்ளிகள் மூடவே இல்லை. "கொரோனாத் தலைமுறை" என்று ஒரே சொல்லில் மூன்றையும் கட்டுவது எப்படி?

11 ஏப்ரல் 2024

இனி நான் உண்மையில் பேச விரும்புவது.

எந்த நாட்டில் மனப் பாதிப்பு அதிகம் என்பதற்கு எல்லோரும் இறப்பு எண்ணிக்கையைப் பார்க்கிறார்கள், அல்லது முடக்கத்தின் நாட்களை எண்ணுகிறார்கள். என் காதில் விழுந்தவை வேறு மாதிரி. பல மாதம் கழித்தும் திரும்பத் திரும்பக் கூப்பிட்டவர்கள் பெரும்பாலும் ஒரே வகையினர்: கடைசியாக ஒருமுறை பார்க்க முடியாதவர்கள்.

இத்தாலியில் 2020 மார்ச் 8 ஆணையோடு இறுதிச் சடங்குகள் நின்றன. மார்ச் 18 இரவு பெர்கமோவிலிருந்து ராணுவ வண்டிகள் வரிசையாகச் சவப்பெட்டிகளை வெளியூர்களுக்குக் கொண்டுபோன படத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். எந்தப் பெட்டி எந்த ஊருக்குப் போனது என்று பின்னர் தேடிய குடும்பங்கள் உண்டு. மே மாதம்தான் பதினைந்து பேர் வரை கூடலாம் என்றார்கள்.

இப்போது நியூசிலாந்து. 2020 முழுக்க அங்கே கொரோனாவால் இறந்தவர்கள் 25 பேர்தான். உலகத்துக்கே முன்மாதிரி. ஆனால் மார்ச் இறுதியில் தொடங்கிய, மிகக் கடுமையான நான்காம் நிலை முடக்கத்தில் இறுதிச் சடங்கு எதுவும் நடத்தக் கூடாது. புற்றுநோயில் இறந்தாலும், முதுமையில் இறந்தாலும் அதுதான் விதி. அந்நாட்டின் பூர்வகுடிகளான மாவோரி மக்களின் தங்கிஹங்கா என்ற இறுதிச் சடங்கு பல நாட்கள் நடக்கும். இறந்தவரைத் தனியே விடவே மாட்டார்கள். அதுவும் நின்றது. அந்தக் குடும்பங்களின் துயரம் கொரோனா இறப்புப் பட்டியலில் ஏறாது. உயிர்களைக் காத்த விதிதான், அதை மறுக்கவில்லை. விலையைக் கொடுத்தவர்களையும் எண்ணுங்கள் என்கிறேன்.

நீடித்த துயரத்தை இப்போது ஒரு நோயாக வகைப்படுத்தியிருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலில் ஆறு மாதம் தாண்டினால். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்க் கையேட்டின் 2022 பதிப்பில் பெரியவர்களுக்கு ஓர் ஆண்டு தாண்டினால். விடை கொடுக்காத துயரத்துக்குக் கடிகாரம் எந்த நாளில் ஓடத் தொடங்கும்? எனக்கு அடுத்த மாதம் மூன்று ஆண்டு.

11 ஏப்ரல் 2024, நள்ளிரவு

ஒன்று விட்டுப்போயிற்று. தந்தையின் அடக்கத்தின் காணொளியைப் பார்க்க மாட்டேன் என்று ஒருவர் 2020-இல் என்னிடம் சொன்னார். பார்த்தால்தான் மனம் ஆறும் என்று நான் எடுத்துச் சொன்னேன். மென்மையாகத்தான் சொன்னேன், ஆனால் மூன்று முறை சொன்னேன். அவர் மறுபடி கூப்பிடவில்லை. அம்மாவின் காணொளி என் கைப்பேசியில் மூன்று ஆண்டுகளாகத் திறக்காமல் கிடக்கிறது. அவரிடம் மன்னிப்புக் கேட்க வழியில்லை, இங்கே எழுதி வைக்கிறேன்.

12 ஏப்ரல் 2024

"தொற்றுக் காலத்தில் வேறு என்ன செய்திருக்க முடியும்?" செய்ய முடியும் என்பது கொரோனாவுக்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்திருந்தது.

2014-இல் மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா. எபோலாவில் இறந்தவரின் உடலைத் தொட்டாலே தொற்றும். கொரோனாவைவிடப் பல மடங்கு ஆபத்து. லைபீரியாவில் மன்ரோவியா பகுதியில் எல்லா உடல்களையும் எரிக்க உத்தரவிட்டார்கள். அது அந்த மக்களின் வழக்கமல்ல. விளைவு? நோயாளிகளை வீட்டில் மறைத்தார்கள், இரவில் ரகசியமாகப் புதைத்தார்கள். தொற்று பரவ அது இன்னொரு வழியாயிற்று. அந்த ஆண்டு நவம்பரில் உலக சுகாதார நிறுவனம் புதிய நெறிமுறையை வெளியிட்டது. தலைப்பிலேயே "பாதுகாப்பான" என்பதோடு "கண்ணியமான" என்ற சொல்லும் இருந்தது. குடும்பத்தினர் தூரத்தில் நிற்கலாம், பிரார்த்தனை செய்யலாம், உடை கொடுத்தனுப்பலாம், கல்லறையில் பெயர் எழுதலாம். டிசம்பரில் லைபீரியா எரிப்பதை நிறுத்தி, டிஸ்கோ ஹில் என்ற இடத்தில் அடக்கத்துக்கு நிலம் ஒதுக்கியது.

ஏழை நாடுகள் கற்றுக் கொடுத்த பாடம் இது. 2020-இல் பணக்கார நாடுகள் பலவும் அதைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை.

26 ஜூலை 2024

மூன்று மாதமாக இந்தப் பக்கம் வரவில்லை. இந்த வாரச் செய்தி திரும்ப இழுத்து வந்தது.

இலங்கை அமைச்சரவை, கொரோனாவில் இறந்தவர்களைக் கட்டாயமாகத் தகனம் செய்ததற்காக மன்னிப்புக் கேட்க முடிவெடுத்திருக்கிறது. 2020 ஏப்ரலில் தகனம் மட்டுமே என்று வர்த்தமானியில், அதாவது அரசிதழில், உத்தரவு வந்தது. நிலத்தடி நீரில் கிருமி கலந்துவிடும் என்று காரணம் சொன்னார்கள். அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தும் கேட்கவில்லை. முஸ்லிம்களுக்கு அது என்ன என்பதை விளக்க வேண்டியதில்லை. பிறந்து இருபது நாளான ஒரு குழந்தையைக்கூட எரித்தார்கள். அந்த டிசம்பரில் கொழும்பின் பொரளை மயானத்தின் வேலியில் மக்கள் எதிர்ப்பாக வெள்ளைத் துணிகளைக் கட்டினார்கள். அனுமதி 2021 பிப்ரவரி இறுதியில்தான் வந்தது. அதன்பின் மட்டக்களப்பின் ஓட்டமாவடியில் ஜனாஸாக்கள், அதாவது இறந்தவர்களின் உடல்கள், அடக்கப்பட்டன.

அந்த மாதங்களில் அங்கிருந்து கூப்பிட்ட ஓர் அம்மா நினைவுக்கு வருகிறார். கணவருக்குக் காய்ச்சல், மருத்துவமனைக்குப் போக மறுக்கிறார். "போனால் எரித்துவிடுவார்கள் என்று பயப்படுகிறார், மகனே. நோய்க்குப் பயப்படவில்லை" என்றார். எங்கள் பதிவேட்டில் அந்த அழைப்பை நான் "பதற்றம்" என்று குறித்தேன். கையெழுத்தும் போட்டேன். அது பதற்றம் அல்ல. சட்டத்தைச் சரியாகப் படித்த ஒருவரின் பயம். நாட்டுக்கு நாடு பதற்றத்தை ஒப்பிடும் அட்டவணைகளில் இப்படி எத்தனை குறிப்புகள் புதைந்திருக்கின்றனவோ.

மன்னிப்பு தாமதம்தான். இருந்தாலும், துயரத்துக்குக் காரணம் கிருமி மட்டும் அல்ல, ஓர் உத்தரவு என்று எழுத்தில் ஒப்புக்கொண்ட அரசுகள் எத்தனை? அந்த அம்மா இந்தச் செய்தியைப் பார்த்திருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

18 ஆகஸ்ட் 2024

முதல் நாள் பதிவில் ஒரு வரியைத் திருத்த வேண்டும். "அம்மா மருத்துவமனையில் தனியாக இறந்தார்" என்று எழுதியிருந்தேன்.

அந்த இரவைப் பற்றி அக்காவிடம் நான் ஒருமுறையும் கேட்டதில்லை. உள்ளே யாரையும் விடவில்லை என்பது தெரியும், மேற்கொண்டு தெரிந்துகொள்ள ஒன்றும் இல்லை என்று நானே முடிவு செய்துகொண்டேன். நேற்று கேட்டேன்.

பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண் பிழைத்து வீடு திரும்பி, ஒரு மாதம் கழித்து அக்காவைக் கூப்பிட்டிருக்கிறார். அம்மாதான் எண்ணை எழுதிக் கொடுத்திருந்தாராம். கட்டில்களுக்கு நடுவே கை எட்டும் தூரம். அம்மாவுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியதிலிருந்து விடியும்வரை அவர் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறார். இடையில் கை மரத்துப்போய் மாற்றிப் பிடித்தாராம். அம்மா பிள்ளைகளின் பெயர்களைச் சொல்லி, யார் என்ன செய்கிறார்கள் என்றெல்லாம் சொல்லியிருக்கிறார். நான் இரவில் தொலைபேசியில் பேசும் வேலை செய்கிறேன் என்றும்.

"நீ கேட்பாய் என்று பார்த்தேன். கேட்கவில்லை. தெரிய வேண்டாம் என்று நினைக்கிறாயோ என்று விட்டுவிட்டேன்" என்றார் அக்கா.

அந்தப் பெண்ணின் எண் இன்னும் அக்காவிடம் இருக்கிறது. வாங்கிக்கொண்டேன்.